முத்திரை உடைந்த பெட்டி

எதையும் கடைசி வரிவரை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைப்பேன். மொன்றியல் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் கொள்கலன்களின் முத்திரைகளைச் சரிபார்த்தவன், பழக்கம் விடவில்லை. முத்திரை உடையாத பெட்டியை யாரும் தொடக்கூடாது. உடைந்திருந்தால் திறந்து பார்த்தே ஆகவேண்டும். அதுதான் அங்கே விதி. நானும் விதிப்படிதான் நடந்தேன். உங்கள் பொலிஸ் வாக்குமூலத் தாளில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகள் ஷெரோன் இந்த 2008 தை மாதம் கணவனை விட்டுப் போனாள். மருமகன் டனிஸ்ரன் மன்னாரில் நல்ல குடும்பத்துப் பிள்ளை. கொஞ்சம் கோபம் உண்டு. ஷெரோன் ஏழு வயது ஜெசிக்காவோடு எங்கேயோ ஒளிந்திருந்தாள். இடத்தை எனக்கும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் கர்க்லாண்டில் என் வீட்டுக்கு வருவாள். பேத்தி என்னோடு இருக்க, அவள் என் கணினியில் வழக்கறிஞருக்கு மின்னஞ்சல் எழுதுவாள்.

அந்தக் கணினியின் உலாவியில் அவள் ஒரு நீட்சியைச் சேர்த்து வைத்திருந்தாள். மூலையில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் தெரியும். உலாவியை மூடியதும் அவள் வந்துபோன தடயம் எல்லாவற்றையும் அது அழித்துவிடும்.

"அப்பா, புதுசு வந்திருக்கு, போடவோ எண்டு இது கேக்கும். 'பேந்து' எண்டதை அமத்துங்கோ. மற்றதை அமத்தினா என்ர பூட்டு வேலை செய்யாது."

"என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

"உங்களை நம்பித்தானே இஞ்ச வாறன்." சிரித்தாள். "கொண்டெயினர்காரருக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுறன். இது என்ர சீல்."

மூன்று வாரம் அவள் சொன்னபடி 'பிறகு' என்பதையே அழுத்தினேன்.

பிறகு ஜெசிக்கா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு நாள் குறித்தார்கள். எங்கள் பங்குக் கோயிலில் நன்மை வாங்கும் பிள்ளைக்கு ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் தகப்பனும் நிற்பது வழக்கம். பூசை முடிந்து வெளியே வந்தபோது, பத்துப்பேர் கேட்க, எங்கள் பங்கைச் சேர்ந்த றோசா என்னைக் கூப்பிட்டாள்.

"அம்புறோஸ் அண்ணை, தகப்பன் பக்கத்துக்கு ஆரை வாடகைக்குப் பிடிக்கிறியள்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக, கோயில் வாசலில் நிற்காமல் நேரே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை அந்த அறிவிப்பு மறுபடி திரையில் வந்தது. கடைசி வரிவரை வாசித்தேன். கீழே உள்ள நீட்சி புதிய பதிப்பில் இயங்காது, முடக்கப்படும், தொடரலாமா என்று கேட்டிருந்தது. தொடரச் சொல்லி அழுத்தினேன். பூட்டுப் படம் மறைந்தது. ஒருத்தி நம்பிச் சேர்த்துவைத்த பொருளை அவளைக் கேட்காமல் முடக்கலாமா என்று நீங்கள் அந்த உலாவியைச் செய்தவர்களிடம்தான் கேட்கவேண்டும். அவர்கள் என்னைக் கேட்டார்கள். வீடும் கணினியும் என்னுடையவை.

சனிக்கிழமை ஷெரோன் வந்து திரையைப் பார்த்தாள்.

"இதென்னப்பா, வேறமாதிரிக் கிடக்கு?"

"தானா மாறிச்சுது, பிள்ளை. நான் ஒண்டிலும் கைவைக்கேல்லை."

மூலையில் எதையோ தேடினாள். அந்நேரம் ஜெசிக்கா நன்மைக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஷெரோன் தேடுவதை விட்டுவிட்டாள். பிறகு வழக்கம்போல் மின்னஞ்சல் எழுதினாள்.

அவர்கள் போனபின் உலாவியைத் திறந்தேன். அவளுடைய தபால்பெட்டி அப்படியே திறந்து கிடந்தது. அதில் வாடகை ஒப்பந்தம் இருந்தது. இல்-பிசாரில் ஒரு வீட்டின் கீழ்த்தளம். வழக்கறிஞருக்கு எழுதிய கடிதமும் இருந்தது. டனிஸ்ரன் அவள் கழுத்தில் கத்தியை வைத்து, இனி ஓடினால் முடித்துவிடுவேன் என்று சொன்னதாக எழுதியிருந்தாள். அதையும் கடைசி வரிவரை வாசித்தேன். பிறகு டனிஸ்ரனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, பிள்ளையின்ர நன்மைக்கு நீர் பக்கத்தில நிக்கவேணும். போய்க் கதைச்சுக் கூட்டிக்கொண்டு வாரும்."

"தனியவோ இருக்கிறா, மாமா?"

"ஓம். செவ்வாய்க்கிழமை பிள்ளை பள்ளிக்கூடத்தில. தனியத்தான்."

செவ்வாய்க்கிழமை நடந்ததை நீங்கள் படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள். எனக்குக் காட்டவேண்டாம். பிணவறையில் அவளை அடையாளம் காட்டியது நான்தான்.

நேற்று ஜெசிக்கா கேட்டாள்: "அம்மப்பா, நாங்க இருந்த இடத்தை அப்பாக்கு ஆர் சொன்னது?"

"எனக்குத் தெரியாது, குஞ்சு" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நன்மை வருகிற ஞாயிறு. அதுவரைக்கும் என்னை வெளியே விடச் சொல்லிக் கேட்கிறேன். இந்த நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு நம்பிக்கையான ஓர் ஆளாவது பக்கத்தில் வேண்டும்.