வயர் வைத்த பூட்டு

— இன்னொரு தடவை நம்பரைப் போடு.

— போட்டுட்டேன் அண்ணி. முன்னாடியிருந்து போட்டேன், பின்னாடியிருந்து போட்டேன், உங்க கல்யாணத் தேதியைக்கூடப் போட்டுப் பார்த்தேன். பூட்டுல லைட்டே வரல.

— மெதுவாப் பேசு. கதவைத் தட்டாதே. உங்க அண்ணன் இப்பதான் புது மாத்திரை போட்டுக்கிட்டுக் கண்ணசந்தார். திடுக்குன்னு முழிச்சா, வாதம் வந்த கால் ஞாபகம் இல்லாம எழுந்திரிக்கப் பார்ப்பார். விழுந்தா தூக்க நாம உள்ள இல்ல.

— சரி, தட்டல. இந்த வீல்சேரைக் கொஞ்சம் பிடிங்க, படியில உருண்டுடும். மூணு மாடி சுமந்தது நான், முனகுறது இது.

— தம்பி, அடுப்புல பால் இருக்கு.

— சிம்முலயா?

— சிம்முலதான். கீழ்வீட்டு டீச்சரம்மாகிட்ட வீல்சேரை வாங்கினோமா, தூக்கிட்டு வந்தோமான்னு இருக்கும்னு நினைச்சேன். நீ அங்க நின்னு சக்கரத்துக்கு எண்ணெய் போடறது எப்படின்னு பிரசங்கம் பண்ணுவேன்னு நினைக்கல.

— சின்னப் பிரசங்கம்தான் அண்ணி.

— சாத்தினதும் தானாப் பூட்டிக்கிற இந்தப் பூட்டோட ஒரு சாவி குடுத்தாங்களே, அது எங்க?

— பத்திரமா இருக்கு.

— எங்க?

— உள்ள.

— கடவுளே.

— பதறாதீங்க. விஞ்ஞானப்படி யோசிப்போம்.

— உன் விஞ்ஞானத்தைத்தான் வீடு முழுக்கப் பார்க்கறேனே. டிவி ரிமோட்டுக்கு வயர் வச்சே. இப்ப வயர் எட்டாம, நான் டிவி பக்கத்துலயே போய் நின்னு ரிமோட்டை அமுக்கறேன். சுவர்க் கடிகாரத்துக்கு வச்சே, அது அப்பப்ப நின்னு யோசிச்சுட்டு ஓடுது. அதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். வாசல் பூட்டு உன்னை என்னடா பண்ணிச்சு?

— பேட்டரி தீரப்போகுதுன்னு ராத்திரியெல்லாம் கீச்சுகீச்சுன்னு கத்திச்சு அண்ணி. அண்ணன் கட்டிலை வாசலை ஒட்டிப் போட்டிருக்கோம், அவருக்குத் தூக்கம் போச்சு. அதான் யுஎஸ்பியில ஓட்டலாம்னு பார்த்தேன். நாலு பேட்டரின்னா ஆறு வோல்ட், யுஎஸ்பி அஞ்சு வோல்ட். அஞ்சுலயும் ஓடுதான்னு மீட்டர் வச்சு அளந்துட்டுத்தான் மாட்டினேன். கதவு பக்கத்துல பிளக் பாயிண்ட் இல்ல, அதனால ஒரு பவர் பேங்கை உள்பக்கம் கொக்கியில தொங்கவிட்டேன்.

— பழைய பேட்டரி உள்ளதானே இருக்கும்? அதுல கொஞ்சம்கூட மிச்சம் இருக்காதா?

— அதை எடுத்துட்டேன். பேட்டரியும் வச்சு, யுஎஸ்பியும் குடுத்தா, பேட்டரி சூடாகி ஒழுகும், வெடிச்சாலும் வெடிக்கும். பாதுகாப்புக்காக எடுத்துட்டேன்.

— நல்லாப் பாதுகாத்தே. நம்மகிட்டயிருந்து வீட்டைப் பாதுகாத்துட்டே.

— அண்ணி, இப்ப புரியுது. பவர் பேங்க் தூங்கிடுச்சு.

— சார்ஜ் தீர்ந்துபோச்சா?

— இல்ல, காலைலகூடப் பார்த்தேன், நிறைய இருக்கு. போன் மாதிரி மடமடன்னு குடிக்கிற எதையாவது மாட்டினாத்தான் அது முழிச்சிருக்கும். பூட்டு சும்மா இருக்கும்போது எறும்பு குடிக்கிற அளவுதான் குடிக்கும். எதுவும் மாட்டல போலன்னு நினைச்சுக்கிட்டு, ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல பவர் பேங்க் தானா அணைஞ்சிடும். அப்புறம் அதோட பட்டனை யாராவது அமுக்கினாத்தான் முழிக்கும்.

— மாட்டினப்போ இதைச் சோதிச்சுப் பார்க்கலையா?

— மத்தியானம் முழுக்கச் சோதிச்சேன். நான் நம்பரை அமுக்கிக்கிட்டே இருந்தேனா, அது தூங்கவே இல்ல.

— அப்ப இத்தனை வாரமா எப்படித் திறந்தது? தினம் சாயங்காலம் உனக்கு முன்னாடி தையல் கடையிலேர்ந்து வந்து நான்தானே நம்பர் போட்டுத் திறக்கறேன்? ஒரு நாள் மக்கர் பண்ணலையே.

— அதுதான் தெரியல. விஞ்ஞானப்படி மாட்டின மறுநாளே நின்னிருக்கணும்.

— ஏன் ஓடலைங்கறது இப்பத்தான் தெரியுது. ஏன் ஓடிச்சுங்கறது இப்பவும் தெரியல.

— என் தொழில் வாழ்க்கையையே ரெண்டு வரியில சொல்லிட்டீங்க.

— விளையாடாதே. பால் வாசனை வருது.

— பூட்டுக்கு அடியில ரெண்டு புள்ளி இருக்கும் அண்ணி. ஒன்பது வோல்ட் பேட்டரி ஒண்ணை வெளியிலேர்ந்து அதுல வச்சு அழுத்தினா பூட்டு முழிச்சுக்கும். இந்த மாதிரி சமயத்துக்குன்னே வச்சிருக்கான்.

— அப்ப வைக்கவேண்டியதுதானே.

— அந்தப் புள்ளி மேலதான் நான் பசை போட்டு அடைச்சிருக்கேன். மழைச்சாரல் படக்கூடாதுன்னு. உங்க ஹேர்பின்னைக் குடுங்க, சுரண்டறேன்.

— இந்தா. என்னடா, அழறியா?

— பசைத்தூள் கண்ணுல பட்டுடுச்சு.

— அழாதே. எனக்கும் வந்துடும். நாளைக்கு இந்த வீல்சேர்ல வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதை நினைச்சே எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல.

— சும்மா பார்த்துட்டு அனுப்பிடுவாங்கன்னு சொன்னீங்களே.

— உங்கிட்ட அப்படித்தான் சொன்னேன். சாயங்காலம் நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் கட்டில்ல மூச்சு வாங்கிட்டுப் படுத்திருக்கார். நெத்தியெல்லாம் வேர்வை. என்னங்கன்னா ஒண்ணுமில்லைங்கறார். நடக்கப் பழக்க வந்த பிசியோக்காரரை விரட்டிவிட்டுட்டார். ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு அடி எடுத்து வைக்கல, ஆனா மூச்சு மட்டும் மாடி ஏறி வந்தவர் மாதிரி. இதயமும் பழுதாகுதோன்னு டாக்டருக்குச் சந்தேகம். பகல்லயும் நல்லா ஓய்வு எடுக்கட்டும்னுதான் அந்தப் புது மாத்திரை. இன்னிக்குத்தான் முதல் தடவையாக் குடுத்தேன்.

— என்கிட்ட ஏன் அண்ணி மறைச்சீங்க?

— நீ அழுதுக்கிட்டே அவருக்கும் எங்கயாவது வயர் மாட்டிடுவே. சுரண்டு.

— ஒரு புள்ளி தெரியுது. இன்னொண்ணு… அண்ணி, பால் வாசனை நின்னுபோச்சே.

— இது கேஸ் வாசனைடா. பால் பொங்கி அடுப்பை அணைச்சிடுச்சு.

— இப்ப தட்டட்டுமா?

— தட்டு, இனிமே என்ன. என்னங்க! கேக்குதா? கேஸ் கசியுது, எந்த ஸ்விட்சையும் தொடாதீங்க! தம்பி, அந்த பேட்டரி எங்க கிடைக்கும்?

— தெருமுனைக் கடையில. மிச்சத்தை நீங்க சுரண்டுங்க, நான் ஓடறேன்.

— ஓடு. இல்ல, நில்லு. உள்ள ஏதோ சத்தம்.

— கட்டில் கிறீச்சிடுது.

— எழுந்திரிக்கப் பார்க்கறார். என்னங்க, வேண்டாம், உங்களால முடியாது, விழுந்துடுவீங்க!

— விழுந்த சத்தம் கேக்கல அண்ணி.

— வேற என்ன கேக்குது? காதை வச்சுக் கேளு.

— ஏதோ உரசற சத்தம். சுவரைத் தடவிக்கிட்டே போற மாதிரி. தள்ளித் தள்ளிப் போகுது. சமையலறைப் பக்கம்.

— யாருடா போறது?

— உள்ள ஒருத்தர்தானே அண்ணி இருக்கார்.

— என் கையைப் பிடிச்சுக்கோ.

— ஜன்னல் திறக்கற சத்தம். இப்ப மறுபடி உரசுது. இந்தப் பக்கம்தான் வருது. தள்ளி நில்லுங்க, கைப்பிடி திரும்புது.

— என்னங்க… நிக்கறீங்க. நீங்க நிக்கறீங்க.

— கேஸை மூடிட்டேன்மா. பால்தான் போச்சு.

— அண்ணே, முதல்ல உட்காருண்ணே. இந்தா, வீல்சேர்.

— அதுல உங்க அண்ணியை உட்காரவைடா. அவ முகம்தான் வெளுத்துப்போயிருக்கு.

— எப்பலேர்ந்து நடக்கறீங்க? எனக்கு ஏன் சொல்லல?

— சொன்னா எதுக்கு நடந்தேன்னு கேப்பே. இவன் மாட்டின டப்பா தானா அணையறதைக் கட்டில்லேர்ந்தே பார்த்தேன். பூட்டு நின்னுபோனா நீ திட்டுவே, இவன் மூஞ்சி தொங்கிடும். அதான் தினம் சாயங்காலம் படியில உன் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து வந்து, அந்த டப்பாவோட பட்டனை அமுக்கிட்டு, நீ கதவைத் திறக்கறதுக்குள்ள போய்ப் படுத்துக்குவேன், மூச்சு வாங்காம என்ன பண்ணும்? இன்னிக்கு உன் மாத்திரை தூங்க வச்சிடுச்சு.