தச்சன் செத்தானா, பிழைச்சானா

...அந்தப் பக்கத்துல கோடு போடாதீங்க தம்பி. அது என் மகன் எழுதுன புத்தகம். நெசமாத்தான். பின்னட்டையில சிரிக்காம நிக்கிறானே, அவனேதான். படம் எடுக்கறப்ப சிரிடான்னேன். நாவல் எழுதுறவங்க சிரிக்கக் கூடாதாம்.

பஸ்ல கூட்டம், கொஞ்சம் நகந்துக்கறீங்களா... பை கனமா இருக்கு. உங்க மொகத்தப் பாத்தாலே தெரியுது, எந்த எடத்துக்கு வந்துட்டீங்கன்னு. தச்சன் ஆத்துல விழுந்துடறான். அத்தியாயத்தோட கடைசி வரியில பிழைச்சுக்கறான். அடுத்த அத்தியாயத்துல அவனத் தூக்கிட்டுப் போய்ப் பொதைக்கிறாங்க. அதானே? எல்லாரும் அங்கதான் நிக்கிறாங்க.

வாரப் பத்திரிகையில ஒருத்தர் எழுதுனாரு பாருங்க... அவரு கையில இருந்தது பேனாவா, அரிவாளா? ‘பிழைத்தவனுக்கு எதற்கு இழவு? ஆசிரியர் தன் நாவலைத் தானே படிக்கவில்லை’ன்னுட்டாரு. அதப் படிச்சதுல இருந்து என் புள்ளைக்குச் சோறு எறங்கல.

சரி, அவரு போகட்டும். இன்னொருத்தர், காலேஜ் வாத்தியார், பக்கம் பக்கமாப் புகழ்ந்து தள்ளிட்டாரு. ‘உயிரோடிருப்பவர் அனைவரும் ஏற்கெனவே புதைக்கப்பட்டவர்களே என்னும் பேருண்மை’யாம். திரும்பத் திரும்பப் படிச்சேன். திட்டுறாரா வாழ்த்துறாரான்னு பிடிபடல. மகனக் கேட்டேன். அவனுக்கும் பிடிபடல.

வாசகர் கூட்டம்னு கூப்பிட்டாங்க. நானும் போய்ப் பின் வரிசையில உக்காந்தேன். செத்தான்னு ஒரு கட்சி, பிழைச்சான்னு ஒரு கட்சி. ஒரு அம்மா எழுந்து, “அப்ப பொட்டிக்குள்ள படுத்திருந்தது யாரு?”ன்னு கேட்டாங்க. மேடையில என் மகன் தண்ணி மேல தண்ணியாக் குடிக்கிறான். அச்சகத்துக்காரரு பாவம், “வந்தது வந்தபடி போட்டேன்”னு சத்தியம் பண்றாரு.

“இன்னொரு தடவ இப்படி வந்துச்சுன்னா எழுதறதையே விட்டுடறேம்மா”ன்னுட்டான். அதான் தம்பி எனக்குப் பயம். அவனுக்கு வேற ஒண்ணும் வராது. ஆணி அடிக்கச் சொன்னாக்கூட விரல்லதான் அடிப்பான்.

அந்த ஒரு வரி... எப்படிச் சொல்றது. அவன் திருத்தி முடிச்ச தாள அச்சகத்துல நான்தான் கொண்டுபோய்க் குடுப்பேன். பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போற வழிதானே. பஸ்ல சும்மா பிரிச்சேன். தச்சன் முழுகிட்டான். அவன் அம்மாக்காரி சோத்த மூடி வச்சுட்டு வாசல்ல உக்காந்திருக்கா. பெத்த மனசு கேக்குமா? கண்ண மூடி வேண்டிக்கிட்டேன். தொறந்தா, கையில பேனா. ‘அவ்வழியே வந்த படகுக்காரர் தூக்கிவிட, அவன் பிழைத்துக்கொண்டான்.’ ஒரே வரி. எங்க ரெண்டு பேரு கையெழுத்தும் ஒண்ணுபோலத்தான் இருக்கும், நான்தானே அவனுக்கு எழுதப் பழக்குனேன். தானே எழுதுனதுன்னு அவனும் நம்பிட்டான். அதுக்கு மேல கண்ணீர்ல எழுத்து தெரியல, மூடிட்டேன். அடுத்த அத்தியாயத்துல பொதைப்பாங்கன்னு நான் கனவா கண்டேன்?

இதோ, இந்தப் பையில ரெண்டாவது நாவல். அச்சகத்துக்குத்தான் போறேன். தொடவே மாட்டேன்னு சாமிகிட்டச் சொல்லிட்டுத்தான் கெளம்புனேன். ஆனா பாருங்க... இந்தக் கதையில தையக்காரி மகளுக்குக் காய்ச்சல். இத்துனூண்டு பொண்ணு. மருந்து வாங்கப் போனவன் திரும்பறதுக்குள்ள... வெறும் காய்ச்சல்தானே தம்பி? காய்ச்சலுக்குப் போய் ஒரு புள்ளைய அனுப்பி வைக்கிறதா?

அந்தப் பேனாவக் கொஞ்சம் குடுங்களேன்... என்ன, எந்திரிச்சுட்டீங்க? கடைசி நிறுத்தம்னுதானே சீட்டு வாங்குனீங்க... தம்பி, பேனா... உங்க பேனா... போயிட்டாரே. நல்ல புள்ள. கேட்டதும் குடுத்துட்டுப் போறாரு.

இந்தத் தடவ ஏமாற மாட்டேன். அடுத்த அத்தியாயத்தையும் படிச்சாச்சு. அது பூராவும் இழவு வீடு. முழுசா அடிச்சுடணும். படிச்சவரு பத்திரிகையில அவ்வளவு தூரம் எடுத்துச் சொன்னாரே, நாமளும் கேட்டுத் திருந்த வேணாமா...