ரெண்டு ஆளு கேமரா

இல்ல சார், இதுவும் வாணாம். இத்த ஒத்தக் கையால தூக்கிடலாமே. பாருங்க, நானே தூக்கினு கீறேன், சுண்டு விரல்ல. இந்த டப்பா கேமராவ கப்பல்ல பினாங்கு வரிக்கும் கொண்டுனு போனா, தூக்குச் சட்டின்னு நெனச்சி எவனாவது மோர ஊத்திட்டுப் போய்டுவான். வேற காட்டுங்க. நான் கேக்கறது இன்னான்னா, ஒரு ஆளால மேய்க்க முடியாத கேமரா. ரெண்டு ஆளு இருந்தாதான் அது ஓடணும். அப்டி எதுனா கீதா உங்க ஸ்டுடியோவுல?

சிரிக்காதீங்க சார். தொழில்காரன் சொல்றேன். மானாம்பதி ஏசுதாஸ்னு எந்தச் சந்தையில வேணா கேட்டுப் பாருங்க, கன்னுக்குட்டி கூட தல ஆட்டும். மீச மொளைக்கறதுக்கு முன்னாடிலேந்து மாட்டுத் தரகு. மாடா இருந்தா இன்னா, கேமராவா இருந்தா இன்னா? கண்ணு தெளிவா இருக்கணும், காலு நேரா நிக்கணும், மூக்கணாங்கயிறு கெட்டியா இருக்கணும். இன்னாது, இது தோள்ல மாட்ற பட்டையா? சரி, நீங்க பட்டைன்றீங்க. எங்களுக்கு அது மூக்கணாங்கயிறுதான்.

எதுக்கு இவ்ளோ பாக்கறேன்னா, விசயம் கீது சார். எங்க வூட்டுல இருக்கறா இல்ல, ஞானசுந்தரி, அவ தம்பி அருள்தாஸ் பினாங்கு ஆர்பர்ல வேல செய்யறான். சின்ன வயசுல கப்பல் ஏறினவன். இப்ப சொந்தமா வூடு கட்டிக்கினான். அக்கா வந்து ரெண்டு மாசம் குந்திச் சாப்பிடணும், ஊரு சுத்திப் பாக்கணும், ஒரு துரும்பு தூக்கக் கூடாதுன்னு அவனுக்கு ஆச. இங்க அறுப்பு முடிஞ்சதும் கப்பலு.

அவனே போட்டோ புடிக்க மாட்டானான்னு கேக்கறீங்களா? புடிச்சி அனுப்பினானே! தோ, ஜோபியிலதான் கீது, பாருங்க. வூடு கீது. கதவு கீது. வாசல்ல கெடக்கற செருப்பு கூட சோக்கா கீது. அவன் சம்சாரத்துக்குத் தல எங்க சார்? இத்தப் பாருங்க, புள்ளைக்கு மூக்கு வரிக்கும்தான். எங்க தெருவுல மங்கம்மான்னு ஒருத்தி, இந்தப் போட்டோவக் கையில வாங்கினா பாருங்க, ஐயோ அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சோன்னு மாருல அடிச்சிக்கினு அயுதுட்டா. அவ வாய அடைக்கறதுக்குள்ள பேஜாராப் போச்சி.

அன்னிக்கே தெருவே கூடி முடிவு பண்ணிடிச்சி. அருள்தாஸ நம்பி பிரயோசனமில்ல. நம்ம கேமராவ எத்துனு போயி, நம்ம ஆளு கையால புடிச்சினு வரணும். முடிவு பண்ணதோட வுட்டாங்களா? ஆளுக்கொரு படம் கேட்டாங்க.

மங்கம்மாவுக்கு கடல் வேணுமாம். முழுக் கடலும் வரணும்றா. பாதிக் கடல வச்சிக்கினு நான் இன்னா பண்றதுன்றா. அதுக்குதான் இந்தக் குட்டக் கண்ணாடியா? இந்த லென்சு போட்டா அகலமா வாங்குமா? சரி, அத்த எட்த்து வைங்க, இந்தப் பெஞ்சி மேல.

அப்றம் ஆண்டாளம்மா. அந்தம்மா புள்ள அங்கியே சீனாக்காரப் பொண்ணக் கட்டிக்கினான். மருமவ மூஞ்சி கூட வாணாமாம் சார், கையப் பாக்கணுமாம். வேல செய்யற கையா, சும்மா நெகம் வளக்கற கையான்னு தெரிஞ்சிக்கணுமாம். எதுர்ல போயி நின்னா பொண்ணு கைய மறைச்சிக்கும், அதனால தெரு மூலைல நின்னு, அவளுக்குத் தெரியாம புடிக்கணும். இந்த நெட்டக் கண்ணாடியா? கொண்டாங்க இப்டி. அடேங்கப்பா, புடலங்கா மாதிரி கீது. இருங்க சார், மாட்டுக்குப் பாக்கறாப்புல உள்ள ஒரு சுழி பாத்துக்கிறேன். சுழி தப்பா இருந்தா குடும்பத்துக்கு ஆவாது. ஆங், கீது, நடுவுல ரெண்டு சுழி... ஓ, என் மூக்கு ஓட்டையா அது? சரி சரி.

ஆனா ஒண்ணு சார். இதுங்க ரெண்டும் சோடி சேரலியே. ஒண்ணு குட்ட, ஒண்ணு நெட்ட. நுகத்தடில கட்டினா வண்டி கொடசாஞ்சிடும். இன்னாது? ரெண்டையும் ஒண்ணா மாட்ட மாட்டாங்களா? ஒண்ணு வேல செய்யறப்ப இன்னொண்ணு பையில படுத்துத் தூங்குமா? நல்ல பொயப்பு சார் அது.

சோடின்னா வெளையாட்டில்ல, தெரிஞ்சிக்கோங்க. வேதகிரின்னு எங்க தொழில்ல ஒருத்தன். பக்கத்து ஊரு பெருநகர்ல ஒரு சோடி மாட்டப் பிரிச்சி, செவலய மட்டும் ஓட்டினு போயி வித்துட்டான். மிச்சம் நின்னது மயில மாடு. தொட்டித் தண்ணிய மோந்து பாத்துது, தலயத் திருப்பிக்கிச்சி. தவுடு போட்டாங்க, புண்ணாக்கு போட்டாங்க. ம்ஹூம். செவல போன ரோட்டப் பாத்துக்கினே நின்னுது. அப்றம் வேதகிரியே போயி வாங்கினவன் கால்ல கையில வியுந்து ஓட்டினு வந்து கட்டினான். அதுலேந்து நான் சோடியப் பிரிக்கற யேவாரத்துக்கே போறதில்ல. சரி, அது இன்னாத்துக்கு இப்ப. அடுத்தது இன்னா?

முனியன். அங்க பலா மாதிரி முள்ளுப் பயம் ஒண்ணு கீதாம், வூட்டுக்குள்ள வச்சா தெருவே எயுந்து ஓடுமாம். அத்த கிட்டக்க புடிச்சினு வரணும்றான், நாத்தம் தெரியறாப்புல. அதுக்கும் கண்ணாடி கீதா? முன்னாடி திருகி மாட்டிக்கறதா? வைங்க வைங்க, அதயும் பெஞ்சில வைங்க.

இல்ல சார், நீங்க சொல்றது புரியுது. ஊரு சுத்தப் போறவங்க கனத்தக் கொறச்சிக்கணும். கையில ஒரு டப்பா, ஜோபில ரெண்டு பிலிம் ரோலு, அதுக்கு மேல எல்லாம் சொமதான்றீங்க. எல்லாருக்கும் நல்லது சொல்ற மனுசன் ஸ்டுடியோ தாமோதரன் சாருன்னு உங்களப் பத்தி ஊர்லயே பேசிக்கிறாங்க. நான் ஒத்துக்கறேன். ஆனா இப்ப எனுக்கு நல்லது வாணாம், கனம்தான் வேணும்.

அது இன்னா மூலைல, சாக்கு போட்டு மூடி? மூணு காலு ஸ்டாண்டா? மரத்துலயா பண்ணது? தேக்கா! எடுங்க சார் அத்த, இவ்ளோ நேரம் எங்க ஒளிச்சி வச்சினு இருந்தீங்க! அதுக்கு மேல வைக்கற கேமரா? கறுப்புத் துணி போத்திக்கினு உள்ள பூந்து பாக்கறது? அதானே மெய்யாலுமே கேமரா! ஒருத்தரு துணிக்குள்ள இருந்தா, வெளிய நிக்கறவங்கள நேரா நிமிரு, சிரின்னு சொல்ல இன்னொரு ஆளு வேணும் இல்ல? வேணும்னு சொல்லுங்க சார். பரவால்ல, தல ஆட்னா போதும்.

ராத்திரில புடிக்கற பல்பு விளக்கு? அத்தயும் வைங்க. மய வந்தா? ஆமா சார், அங்க தெனம் மய. அந்தப் பெரிய கொடய எறக்குங்க. ஒருத்தரு கொட புடிக்கணும், ஒருத்தரு படம் புடிக்கணும். கணக்கு சோக்கா வருது.

சரி, இப்ப வாடக பேசலாம். கையக் குடுங்க. கையத்தான் சார். இப்டி துண்டு போட்டு மூடிக்கினு, விரலப் புடிச்சிதான் நாங்க வெல பேசுவோம். கடையில யாரும் இல்லன்னா இன்னா, வாயால வெல சொன்னா எனுக்கு நாக்கு கூசும். ஒரு விரல அமுக்கினா... சார், சார், கை குலுக்காதீங்க. இது கலெக்டரு வந்து குடுக்கற கையில்ல. சும்மா இருங்க, நான் புடிக்கறேன். கூச்சமா கீதா? நெளியாதீங்க சார், நீங்க நெளிஞ்சதுல மூணு விரலு மாறிப் போச்சி.

தோ, அவளே வந்துட்டா. கடத்தெருவுல ரவிக்கத் துணி வாங்கப் போயிருந்தா. வா ஞானசுந்தரி. சாருக்கு வணக்கம் சொல்லு. துண்டா? ஒண்ணுமில்ல, பேசினு இருந்தோம். இந்தப் பெஞ்சப் பாத்தியா? நீ எத்துனு போற கேமரா இதான். ஸ்டாண்டு, துணி, மூணு கண்ணாடி, விளக்கு, கொட. சாருக்குத்தான் ஒரே கவல. ஒருத்தங்களால இத்த அசைக்கவே முடியாது, கூட ஒரு ஆளு கட்டாயம் போவணும்னு இவ்ளோ நேரம் சொல்லிக்கினு இருந்தாரு. இல்ல சார்? சொல்லுங்க சார். நீங்க சொன்னத நீங்கதான் சொல்லணும்.

ஏ, இன்னா பண்ற நீ? முந்தானிய எதுக்கு சுருட்ற? தலைக்கு சும்மாடு கட்றியா? வாணாம்மே, அது கண்ணாடி. நெல்லுக் கட்டு இல்ல. ஒடஞ்சா சாரு நம்மள வித்துடுவாரு. சார், புடிங்க சார் அவள... ஐயய்ய. தூக்கிட்டா. ஸ்டாண்டு மேல கேமரா, கேமரா மேல பை. கழுத்துல பட்டைய வேற மாட்டிக்கினா. கைய வுட்டுட்டா பாருங்க சார், ரெண்டு கையயும்! அடியே, கொடய ஏன் விரிக்கற, வெளிய மயயா பேயுது?

பஸ் ஸ்டாண்டு வரிக்கும் நடந்து பாத்துட்டு வராளாம். பயப்படாதீங்க சார், குந்துங்க. வரப்புல நெல்லுக் கட்டத் தூக்கினு ஓடறவ அவ. ஒரு கதிரு உதிராது. பாருங்க, ரோட்ல போற பஸ்ஸே நின்னு வயி வுடுது.

போச்சி. எல்லாம் போச்சி சார்.

தண்ணி குடுங்க கொஞ்சம். இன்னா போச்சா? ஒண்ணுமில்ல சார். உங்களாண்ட சொல்றதுக்கு இன்னா. டிக்கெட்டு ஒண்ணுதான் வந்துகீது. அவ பேர்ல.

அருள்தாஸ் மேல எனுக்கு ஒரு வருத்தமும் இல்ல. கையில எவ்ளோ இருந்துதோ அவ்ளோதானே அனுப்புவான். அவ போவணும் சார். தம்பிய ஆள் ஒசரத்துக்கு அவ இன்னும் பாத்ததேயில்ல. வாணாம்னு நான் ஒரு வார்த்த சொன்னா நின்னுடுவா. அதனாலதான் சொல்லல. நான் சந்தைக்குப் போனா கூட எவ்ளோ லேட்டானாலும் வூட்டுக்கு வந்துதான் சார் சோறு துன்றது. நான் சந்தைக்குப் போறதும் அவ பினாங்கு போறதும் ஒண்ணா? அதான், ரெண்டு ஆளு இல்லாம ஓடாத கேமராவா பாத்தா, கேமராவுக்கோசரமாவது இன்னொரு டிக்கெட்டு வருமேன்னு பாத்தேன். இவ என்னாடான்னா பினாங்கையே தலயில தூக்கினு வந்துடுவா போல கீது.

இன்னா சார் சொன்னீங்க? இன்னோரு வாட்டி சொல்லுங்க. படம் புடிக்கறவங்க படத்துல வர மாட்டாங்களா? எந்தக் கேமராவுலயுமா? மொதல்ல காட்டுனீங்களே அந்த டப்பா, அதுலயும்?

அப்ப அவ கடல் முன்னாடி நிக்கறத யாரு புடிப்பா? முள்ளுப் பயத்த கையில வச்சினு நிக்கறத? சீனாக்காரப் பொண்ணு பக்கத்துல நிக்கறத? அருள்தாஸா? தலயில்லாம வரும் சார்! மங்கம்மா மறுபடியும் மாருல அடிச்சிக்குவா!

அந்த டப்பாவையே குடுங்க. கண்ணாடி, கொட, ஸ்டாண்டு எல்லாத்தியும் அவ வந்து எறக்கினதும் நீங்களே வச்சிக்கோங்க. ஒரு போஸ்ட்கார்டு கீதா? எனுக்கு எயுத வராது, நீங்க எயுதுங்க. அவ திரும்பி வர்றதுக்குள்ள, சுருக்கா. அன்புள்ள அருள்தாசுக்கு. கேமரா ரெடி. புடிக்கற ஆளும் ரெடி. டிக்கெட்டுதான் ஒண்ணு கொறயுது. எயுதிட்டீங்களா?

கீய எம் பேரு வாணாம் சார். மானாம்பதி ஊர்ப் பொதுமக்கள்னு போட்ருங்க.