ஒண்ணாங் கிளாஸ் வக்கீல்

– விரலை நீட்டாதீங்க. அவன் என்ன கூண்டுலயா நிக்கப் போறான்?

– நான் விரலை நீட்டறது உனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு கண்ணையும் மூடிக் கட்டுப் போட்டிருக்கு.

– உங்க கையைத் தொட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்? வக்கீல் கை வேற. நீட்டாம எப்பவாவது பேசியிருக்கா? மடக்குங்க. ம், இப்ப மறுபடி.

– போதும்மா, கை வலிக்குது. ஆமா, ஆபரேஷன் பண்ணின டாக்டர் நேத்தே கட்டைப் பிரிச்சிடுவார்னு சொன்னியே?

– தங்கச்சி கூட்டிக்கிட்டுப் போனாளே. இன்னும் ஒரு வாரம் வெளிச்சம் படக்கூடாதுன்னுட்டாராம். நீங்கதான் கோர்ட்டுல வாய்தா வாங்கிக்கிட்டு இருந்தீங்க.

– இன்னைக்குன்னு பாத்து வரணுமா இவன்? ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லலாம். அவன் கையால சொல்றதைப் பாத்து நீ எனக்குச் சொல்லுவே, நான் சொல்றதை அவனுக்குச் சொல்லுவே. இத்தனை வருஷம் அப்படித்தானே ஓடுச்சு?

– என்னத்த ஓடுச்சு? போன தடவை அவன் உங்களைப் பாத்துதான் ஏதோ சொன்னான். நீங்க என் பக்கம் திரும்பி, ‘என்னவாம் இவனுக்கு?’ன்னு கேட்டீங்க. நம்ம பிள்ளைக்குக் காதுதான் கேக்காது, கண்ணு நல்லாவே தெரியும். பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டான்.

– அதையே இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லுவே?

– அப்படிப் போனவன் நேத்து உங்க போனுக்கே மெசேஜ் போட்டிருக்கான், அப்பாகிட்டதான் பேசணும்னு. இதையும் கோட்டை விட்டீங்கன்னா இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டான்.

– பேப்பர்ல எழுதிக் காட்டினா?

– பெத்த பிள்ளைக்கு நோட்டீஸா?

– சரிம்மா, சரி. நான் கோர்வையா யோசிச்சு வெச்சிருக்கேன், அதைக் கத்துக்குடு. ‘மகனே, உன்னுடைய முடிவு எதுவாக இருந்தாலும், அதைப் பரிசீலித்து...’

– நிறுத்துங்க. அவ்வளவெல்லாம் வேணாம். மூணே மூணு போதும். ‘நான் புதுசு.’ ‘மெதுவாச் சொல்லு.’ ‘இன்னொரு தடவை.’

– இந்த மூணையும் கோர்ட்டுல சொன்னேன்னா, கட்சிக்காரன் கேஸ் கட்டைப் பிடுங்கிக்கிட்டு வேற வக்கீலைப் பாக்கப் போயிடுவான்.

– இங்க நீங்க சீனியர் இல்ல. ஒண்ணாங் கிளாஸ்.

– அறுபது வயசுல!

– நான் மட்டும் என்ன பிறக்கும்போதே கத்துக்கிட்டா வந்தேன்? ‘பாலைக் குடி’ன்னு சொல்றதா நெனச்சு, ‘நாயைக் குடி’ன்னு கையை ஆட்டிட்டேன். சின்னப் பிள்ளை, உருண்டு உருண்டு சிரிச்சான். அப்புறம் என் கையைப் பிடிச்சு, விரல் விரலா நேராக்கி விட்டான். அன்னைக்குத்தாங்க அவன் என்கிட்ட ஒட்டினான்.

– என்னைப் பாத்தும் சிரிப்பானே.

– சிரிக்கட்டுமே. உங்க முன்னாடி அவன் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு?

– ... சரி. கையைப் பிடி. ‘மெதுவா’ எப்படி?

– இடது கை மேல வலது கையை வெச்சு, விரல் நுனியிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் இழுங்க. அடடா! ‘மெதுவா’ங்கறதை யாராவது இவ்வளவு அவசரமாச் சொல்வாங்களா?

– வாயும் கூடவே பேசினாத்தான் கை வருது.

– தன்னால வரும். மூஞ்சியை மட்டும் அப்படி உம்முன்னு வெச்சுக்காதீங்க. கை பாதின்னா மூஞ்சி பாதி.

– மூஞ்சி எப்படித் தெரிஞ்சுது உனக்கு? அதையும் தொட்டுக்கிட்டா இருக்கே?

– கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து பாக்கற மூஞ்சிதானே. அதுக்குக் கண்ணு வேற வேணுமாக்கும்.

– கேட் சத்தம். வந்துட்டான்! நீ எழுந்து போயிடாதே.

– கண்ணைக் கட்டிக்கிட்டு எங்க போறதாம்? இங்கதான் இருக்கேன், நிமிருங்க.

– வாசல்ல நிக்கறான். உன்னை ஒரு மாதிரி பாக்கறான். இப்ப என்னைப் பாக்கறான். கை ஆட ஆரம்பிச்சிடுச்சு. ஐயோ, என்னம்மா இது, மின்னல் மாதிரி போகுது!

– நீங்க உங்க மூணையும் சொல்லுங்க.

– நான்... புதுசு. மெதுவா...

– வாயால இல்லைங்க.

– ...

– என்ன? என்ன பண்றான்?

– சிரிக்கறான். என் கையைப் பிடிச்சு... விரலை நேராக்கி விடறான்.

– அப்படியா! என்னவாம் அவனுக்கு?

– இரு, இன்னொரு தடவை கேக்கறேன். கையைத் தோளுக்குப் பின்னாடி கொண்டு போறானே, அது ‘நேத்து’தானே?

– நேத்தா? அதை விடுங்க. உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க முதல்ல.

– குறுக்கே பேசாதே, இப்பத்தான் பிடிபடுது. உன்னைக் காட்டறான். போனைக் காட்டறான். கண்ணைத் தொடறான். இன்னொரு தடவை, ராஜா, மெதுவா... ஆங்! ‘நேத்து போன்ல வீடியோவுல என்னைப் பாத்துப் பேசினப்ப அம்மா கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு, இன்னைக்கு எதுக்குக் கட்டு?’ன்னு கேக்கறான்டி உன் பிள்ளை.