நாலு வரிசைச் சுவரும் ஒரு திமிசு மெஷினும்

...இந்தச் சுவர்க் கல்லை வித்த கடைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா, வீப்கேம்மா? "சின்னப் பிள்ளைகூட அடுக்கிடும் சார்"னான். சிமெண்டு வேணாமாம், கலவை வேணாமாம். ஒவ்வொரு பிளாக்குக்கும் பின்னால ஒரு உதடு இருக்கு பாருங்க, அது கீழ இருக்கறதோட முதுகைக் கவ்விக்குமாம். கவ்விக்கிச்சு. நல்லாவே கவ்விக்கிச்சு. ஒண்ணு சாஞ்சதும் நாப்பத்தெட்டும் கையக் கோத்துக்கிட்டுச் சாஞ்சுது. அவ்வளவு ஒத்துமை. ஆளுக்கொரு துண்டு நிலம் வாடகைக்கு எடுத்திருக்கற நம்ம தோட்டச் சங்கத்துல பார்க்க முடியாத ஒத்துமை.

நீங்க கீழ்த்தோட்டத்துக்குப் போன மாசம்தான் வந்தீங்க. உங்க ஸ்ட்ராபெரி மேல விழுந்த மூணு பிளாக்கை என்னோட அறிமுகம்னு வச்சுக்குங்க.

இந்தச் சுவர் எனக்காக இல்லீங்க. என் சம்சாரம் குட்ரூனுக்கு முட்டி ஆபரேஷன். குனிய முடியாது. நாலு வரிசை அடுக்கி உள்ள மண்ணை நிரப்பிட்டா, நின்னுக்கிட்டே களை எடுப்பா. அவ்வளவுதான் ஆசை. இப்ப சங்கத் தலைவி லூடர்ஸ் அம்மா வந்து கதவுல சீட்டு ஒட்டிட்டுப் போயிருக்கு. திங்கக்கிழமை காலையில பார்ப்பாங்களாம். நேரா நின்னா இருக்கலாம், இல்லன்னா அத்தனை கல்லும் வெளிய போகணுமாம். பசையை வேற அள்ளிப் பூசியிருக்கு, கிழிக்கக்கூட முடியல.

ஏன் சாஞ்சுதா? அடியில போட்ட ஜல்லி இறுகல. அதுக்குத்தான் இந்தத் திமிசு மெஷின். குதிச்சுக் குதிச்சு ஜல்லியைக் கெட்டியாக்கும். நான் என்ன பண்ணேன், பூட்ஸ் போட்டு மிதிச்சேன். அப்படியும் இப்படியும், கல்யாண வீட்டுல ஆடுற மாதிரி ஒரு மணி நேரம். குட்ரூன் ஜன்னல்லேருந்து பார்த்துட்டு, "ஹார்ட்மூட், பாட்டுப் போடட்டுமா?"ன்னா.

போன தடவை மெஷின் கிடைக்காம இல்ல. வாடகைக் கடையில சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குக் குடுத்தான், அஞ்சு மணிக்குத் திருப்பணும். இங்க கொண்டாந்து இறக்கும்போது மணி ஒண்ணு அடிக்க ரெண்டு நிமிஷம். அப்புறம் எங்க? சனிக்கிழமை ஒரு மணியிலேருந்து திங்கக்கிழமை காலை வரைக்கும் மோட்டார் சத்தம் ஆகாது, பலகையில போட்டிருக்கு, ஏழாவது விதி. நானும் மெஷினும் எதிரெதிரா உக்காந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டிருந்தோம். நான் ரூபார்ப் கேக் தின்னேன். அது ஒண்ணும் தின்னல. அஞ்சு மணிக்குக் கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன்.

மத்த சங்கத்துல எல்லாம் மத்தியானம் ரெண்டு மணி நேரம் வாயை மூடிக்கிட்டிருந்தா போதும், அப்புறம் என்ன வேணா ஓட்டலாம். இங்கதான் இந்தக் கூத்து. எந்த அறிவாளி கொண்டாந்தானோ... விடுங்க.

யாரா? அது... கூட்டத்துல ஒருத்தர் எழுந்து, புல் வெட்டுற மெஷின் சத்தத்துல கண்ணசர முடியலன்னு இருபது நிமிஷம் பேசினார். யார் எந்த நாள் எத்தனை மணிக்கு ஓட்டினாங்கன்னு அட்டவணை எல்லாம் போட்டு வந்தார். வீட்டுக்குப் போற அவசரத்துல எல்லாரும் கையைத் தூக்கிட்டாங்க.

அட்டவணை போட்டது நான்தான். சிரிக்காதீங்க. அந்த விதி வந்ததுலேருந்து ஆறு பேர் மேல புகார் போயிருக்கு. ஆறையும் எழுதினது நான்தான். லூடர்ஸ் அம்மாவோட வீட்டுக்காரரும் அதுல ஒருத்தர். இப்பப் புரியுதா, பசை எதுக்கு அவ்வளவுன்னு?

இன்னிக்கும் சனிக்கிழமை, மறுபடி மெஷின் வந்திருக்கு. இத விட்டா ஜூன் கடைசி வரைக்கும் கிடைக்காதாம். காலையிலேருந்து ஒத்தை ஆளா நாப்பத்தெட்டையும் பிரிச்சு எடுத்தேன், ஒண்ணொண்ணும் பதினஞ்சு கிலோ. முடிச்சு நிமிர்ந்தா மணி ஒண்ணேகால். மெஷினைக் கிளப்புற கயிறைப் புடிச்சு ஒரு இழுப்பு, பத்து நிமிஷ வேலை. ஆனா நான் இழுப்பேனா? விதின்னா விதி...

எங்க போறீங்க? அந்தப் பக்கம் உங்களுக்கு என்ன வேலை... வீப்கேம்மா, கயிறைத் தொடாதீங்க. நீங்க புதுசு, உங்க பேர்ல புகார் வந்துடும்.

யார் எழுதுவாங்களா?

...அதுவும் சரிதான்.

மெதுவா, மெதுவா. இடது ஓரத்துல இன்னொரு தடவை விடுங்க. என்ன? சத்தமா? எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே.