நான் சொல்லாமல் விட்ட முன்சக்கரம்

"சம்புராசுன்" என்று நம் சுண்டா மொழியில் நான் வாழ்த்தினேன். "ராம்பெஸ்" என்று இந்த அரங்கமே ஒரு குரலாய் விடையளித்தீர்கள். அந்த அன்பு ஆறுவதற்குள் பேசத் தொடங்குகிறேன்.

அவைக்குத் தலைமையேற்று அமைதியே உருவாய் அமர்ந்திருக்கும் ஐயா ஓஹான் அவர்களே, பண்டுங் நகரின் மேட்டையும் பள்ளத்தையும் மிதித்தே அளந்த மூத்தோர்களே, மடித்த வண்டியை ஒரு கையிலும் மழலையை மறு கையிலும் ஏந்தி வேன் ஏறும் தாய்மார்களே, மடிப்பு மிதிவண்டிக் கழகத்தின் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் செயலாளர் எங்கோஸின் பணிவான வணக்கம்.

ஆண்டறிக்கை வாசிக்க என்னை அழைத்தார் தலைவர். அது அச்சாகி உங்கள் கைகளில் இருக்கிறது. அச்சில் வராத ஒன்றைச் சொல்லவே நான் எழுந்தேன். அழவும் வரவில்லை, அழவைக்கவும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி வைக்கிறேன்.

நம் கழகத்தின் நான்காம் விதியை எழுதியவன் யார்? நான். "மோட்டார் பொருத்திய வண்டி மிதிவண்டி ஆகாது, அது கழகப் பயணத்தில் சேராது" என்று எழுதினேன். நீங்கள் கை தட்டினீர்கள். அதோ, பின்வரிசையில் இப்போதும் யாரோ தட்டுகிறார். ஐயா, கொஞ்சம் பொறுங்கள்.

மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் ருகோயா அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். தையல் பள்ளி நடத்துபவர். கழகம் தொடங்கிய நாளில் என்னோடு கையெழுத்திட்டவர். போன ஆண்டு அவருக்கு இதய வால்வில் அறுவை நடந்தது. மிதிக்கலாம், மேடேறி மூச்சு வாங்கக் கூடாது என்றார் மருத்துவர். மேடில்லாத பண்டுங் எங்கே இருக்கிறது?

அவர் புலம்பவில்லை. சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் அடங்கிய செட் ஒன்றைத் தபாலில் வரவழைத்தார். உடன் வந்த தாளில் எழுத்து சீனம். படம் மட்டும் பொது. படத்தைப் பார்த்தே, துணி வெட்டும் மேசைமேல் வண்டியைக் கவிழ்த்து, பழைய முன்சக்கரத்தைக் கழற்றி மோட்டார் சக்கரத்தை மாட்டினார். பேட்டரியைக் கைப்பிடிப் பையில் வைத்தார். பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் நிற்க வேண்டும், நிற்க வைத்தார். பிறகு, லெம்பாங் மலைப் பயணத்துக்கு வருகிறேன் என்று தலைவரிடம் கேட்டார்.

"விதி விதிதான் தலைவரே," என்றேன் நான்.

"விருந்தாளியா வரட்டும்பா. விருந்தாளிக்கு ஏது விதி?" என்றார் தலைவர்.

ஞாயிறு காலை ஏழு மணி. புறப்படும் முன் எல்லா வண்டிகளையும் சோதிப்பவன் நான். முப்பத்தோரு ஆண்டு ரயில்வே பட்டறையில் ஃபிட்டராய் நின்ற கண் இது. ருகோயாவின் வண்டியருகே குறை தேடியே குனிந்தேன். மறைக்கவில்லை, குறை தேடியே குனிந்தேன்.

முதலில் கண்டது குறையல்ல. வண்டி மடியும் மூட்டில் வயர் நசுங்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் அங்கே வயரை வளையமாய் இளக்கி விட்டு, அதற்கொரு துணி உறையும் தைத்திருந்தார். மடித்தேன், விரித்தேன், ஒரு நூல்கூட இழுபடவில்லை.

அடுத்து முன்சக்கரத்தைப் பார்த்தேன். மோட்டார் சக்கரத்தை முன்னே உந்தும்போது, நடு அச்சு பின்னே திரும்பப் பார்க்கும். அதைத் திரும்பவிடாமல் பிடிக்க, பல் வைத்த வாஷர் ஒன்று உண்டு. அந்தப் பல், சக்கரத்தை இருபுறமும் தாங்கும் முன் கவையின் பள்ளத்தில் அமர வேண்டும். அவர் வண்டியில் பல் வெளிப்பக்கம் பார்த்து நின்றது. அச்சைக் கவையோடு பிணைக்கும் இரும்புக் கையும் இல்லை. கவையோ மெல்லிய அலுமினியம்.

"என்னண்ணே, பாஸா?" என்று கேட்டார்.

"ம்," என்றேன்.

ஏன் சொல்லவில்லை? பாதி மலையில் அச்சு திரும்பும், வயர் அறும், மோட்டார் நிற்கும், அம்மையார் வேனில் திரும்புவார், என் விதி வெல்லும். அதுதான் என் கணக்கு.

அவர் சிட்டாய்ப் பறந்தார். மூன்றாம் வளைவில்தான் என் கணக்கின் மறுபாதி எனக்கு விளங்கியது. அச்சு திரும்பினால் வயர் மட்டுமா அறும்? நட்டும் தளரும். முகட்டைத் தாண்டினால் பாலம்வரை செங்குத்து இறக்கம். அங்கே கவையை விட்டுச் சக்கரம் கழன்றால்?

அறுபத்து மூன்று வயதில் நான் மிதித்த மிதியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை. கத்தினேன், திரும்பிப் பார்த்துக் கையசைத்து, இன்னும் வேகமாய்ப் போனார். மோட்டாரை இகழ்ந்த வாய் மூச்சுக்குத் திறந்து கிடந்தது. என் கால்கள் கனத்தன, கண் இருண்டது. அவர் முகட்டில் ஏறி மறைந்தார்.

சிரிக்காதீர்கள் அம்மா. அப்போது நான் சிரிக்கவில்லை.

முகட்டை நானும் தொட்டேன். சுராபி அப்பம் சுடும் கடையோரம் வண்டியைச் சாய்த்து, மணிக்கட்டில் விரல் வைத்து நின்றிருந்தார் ருகோயா. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நாடி பார்க்கச் சொல்லியிருந்தாராம் மருத்துவர். இறக்கம் பத்தடி தள்ளித் தொடங்கியது.

என் முகத்தைப் பார்த்ததும், என் மணிக்கட்டைப் பிடித்தார். "என்னதுதான் ஒழுங்கா அடிக்குது. உங்களது ஓடுதுண்ணே. உக்காருங்க."

"இறங்காத ருகோயா. அந்த நட்டப் பாரு."

குனிந்தார். அச்சு கால் வட்டம் திரும்பியிருந்தது. வயர் கயிறாய் முறுக்கேறியிருந்தது. நட்டு, விரலால் தொட்டதும் சுழன்றது.

நட்டைக் கையால் திருகி இறுக்கினார். பிறகு கேட்டார்: "கீழயே பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எனக்குத் தெரியலண்ணே. தெரியாம மாட்டிட்டேன். உங்களுக்குத் தெரியும்ல?"

அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாய் இருந்திருக்கும். கடைக்காரியிடம் இரண்டு சுராபி கேட்டார். ஒன்றை என் பக்கம் தள்ளினார். "வண்டிய மடிங்க. நான் வேன்ல போறேன். நாளைக்கு அரத்தோட வீட்டுக்கு வாங்க."

போனேன். இரும்புத் தகட்டை அறுத்து, அச்சின் வடிவுக்குத் துளையை அராவி, கவையோடு பிணைத்தேன். வாஷரை அவரே திருப்பிப் பொருத்தினார். மறு ஞாயிறு நாங்கள் இருவரும் அந்த இறக்கத்தில் இறங்கினோம். அவர் முன்னே, நான் பின்னே. என் கண் முழு நேரமும் அந்த நட்டின்மேல்.

என்ன அம்மா? ஆமாம், மூன்றாம் வரிசையிலிருந்து திருத்துகிறார்கள்: இரண்டு முறை இறங்கினோமாம். உண்மை. முதல் முறை எனக்குப் போதவில்லை.

அவையோரே, நட்டு தளர்ந்ததற்கு மோட்டாரா காரணம்? வயதா காரணம்? நோயா காரணம்? கண்டவன் காணாதவன்போல் நின்றதே காரணம். மிதிப்பவர் யார், மோட்டாரில் வருபவர் யார் என்று பிரித்த நான், வருபவர் பத்திரமாய்த் திரும்ப வேண்டும் என்பதை மறந்தேன். எனவே நான்காம் விதியை நீக்கும்படி, எழுதிய நானே முன்மொழிகிறேன். அந்த இடத்தில் இதை எழுதுங்கள்: அடுத்தவர் வண்டியில் குறை கண்டவர், அதை அவரிடம் சொன்ன பிறகே தம் வண்டியில் ஏற வேண்டும். சோதிக்கும் பொறுப்பை இன்றோடு விடுகிறேன். அது ருகோயா அம்மையாருக்குப் போகட்டும்.

இன்று காலை வாசலில் என் வண்டியை அவர் பார்த்தார். "பின் பிரேக் கட்டை தேஞ்சு போச்சுண்ணே. மாத்தாம வீட்டுக்குக் கிளம்பாதீங்க," என்றார்.

ஆகவே, செவி கொடுத்த உங்களுக்கு நன்றி கூறி, தலைவருக்கு வணக்கம் செலுத்தி, கூட்டம் முடிந்ததும் வேனில் வீடு திரும்பும் செய்தியையும் சொல்லி அமர்கிறேன். வணக்கம்.