பெட்டகத்துக்குள் ஈரம் எழுபத்தெட்டு

என் பெயர் லோரீனா ஜிஸ்க்லேர். வயது ஐம்பத்தெட்டு. கணவர் பெயர் நோரிஸ் ஜிஸ்க்லேர். லூசியானா மாநிலம், லஃபூர்ஷ் மாவட்டம், ஷெனியர் சாலை, 214ஆம் எண் வீட்டில் முப்பத்தொரு வருடமாகக் குடியிருந்து வருகிறேன். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறேன். இன்று அக்டோபர் மூன்றாம் தேதி காலை பத்தேகால் மணிக்குத் துணை ஷெரிஃப் பிட்ரே அவர்கள் கேட்டதன் பேரில் நேற்று நடந்ததைச் சொல்கிறேன். வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. வேண்டாம் என்று சொன்னேன்.

டட்லி ஷெராமி என் உடன்பிறந்த தம்பி. வயது ஐம்பத்திரண்டு. சொந்தமாக இறால் படகு வைத்திருக்கிறான். அவன் மனைவி எர்லீன் இந்த வருடம் மார்ச் மாதம் புற்றுநோயில் இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. அதன் பிறகு அவன் படகை எடுக்கவில்லை. ஏப்ரல் இரண்டாம் வாரம் வெள்ளை அவரைக் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். முந்தின வாரம் நான் கொடுத்த பாத்திரம் மூடியைத் திறக்காமல் மேசைமேல் அப்படியே இருந்தது. நான் அதைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவன், "அக்கா, இங்க இருக்கற துப்பாக்கி எல்லாத்தையும் உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு. எனக்கு என்மேலயே நம்பிக்கை இல்ல" என்றான். இதை அவனாகவே கேட்டான் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அன்று மாலையே நோரிஸும் டட்லியும் சேர்ந்து ஏழு துப்பாக்கிகளை எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புப் பெட்டகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு அவன் வாத்து வேட்டைக்கு வைத்திருந்தவை. ஏழாவது எங்கள் அப்பாவுடைய இரட்டைக் குழல் துப்பாக்கி. நோரிஸின் துப்பாக்கிகளை அவருடைய அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். பெட்டகத்தின் பூட்டு எண்ணை ஆள் வரவழைத்து மாற்றினேன். புது எண் எனக்கு மட்டும்தான் தெரியும். நோரிஸுக்குச் சொல்லவில்லை. யாராவது முகம் வாடிக் கேட்டால் மறுக்கத் தெரியாதவர் அவர். டட்லியின் வீட்டிலிருந்த தோட்டாக்களையும் அன்றே எடுத்துவிட்டோம். படகில் ஒரு டப்பா இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு அவன் பெட்டகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தான். எங்கள் ஊர்க் காற்றில் இரும்பு நிற்காது. தரையில் படுத்து, பெட்டகத்தின் அடியில் மின்சாரத்தில் சூடாகும் கம்பு ஒன்றைப் பொருத்தினான். ஈரத்தை உறிஞ்சும் நீல மணிகள் நிறைந்த டப்பாவை மேல்தட்டில் வைத்தான். ஈரத்தைக் காட்டும் சின்ன மீட்டரின் ஒயரைப் பின்பக்கத் துளை வழியாக வெளியே எடுத்து, கதவைத் திறக்காமலே எண்ணைப் பார்க்கும்படி செய்தான். ஐம்பதுக்கு மேல் போனால் துரு பிடிக்கும், நாற்பதுக்குக் கீழ் போனால் துப்பாக்கியின் மரக்கட்டை வெடிக்கும், மணிகள் ரோஜா நிறத்துக்கு மாறினால் தட்டில் கொட்டி, ரொட்டி சுடும் அடுப்புக்குள் மூன்று மணி நேரம் வைத்து ஈரத்தைப் போக்க வேண்டும் என்றான். எர்லீன் இறந்த பிறகு அவன் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான்.

அன்றிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு எனக்கு ஃபோன் செய்வான். எவ்வளவு என்று கேட்பான். நாற்பத்தெட்டு என்பேன். சரி என்று வைத்துவிடுவான். சில நாள் அவன் வாயைத் திறந்து பேசியதே அந்த இரண்டு வார்த்தைதான் என்று நினைக்கிறேன். ஆறு மணி ஐந்து நிமிடம் ஆகிவிட்டால் நான் கார் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வேன். பள்ளிக்கூட விருந்து, மருமகளின் வளைகாப்பு, எதுவாக இருந்தாலும் ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை இப்படி நடந்தது. மருமகள் என்மேல் வருத்தப்பட்டாள்.

செப்டம்பர் இருபத்தொன்றாம் தேதி புயலில் எங்கள் சாலை முழுவதும் மின்சாரம் போனது. பெட்டகத்தின் கம்பு ஆறிப்போனது. மீட்டர் பாட்டரியில் ஓடுவதால் எண் மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஐம்பத்தைந்து, ஆறாம் நாள் அறுபத்தாறு, பத்தாம் நாள் எழுபத்தெட்டு. அவன் கேட்டபோதெல்லாம் நாற்பத்தொன்பது என்றே சொல்லிவந்தேன். அக்டோபர் முதல் தேதி மாலை அவன், "கரண்ட் இல்லாம நாப்பத்தொன்பதா? அக்கா, உனக்குப் பொய் சொல்ல வராது. நாளைக்கு வந்து தொடச்சுக் கொடுத்துட்டுப் போறேன்" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நேற்று, அதாவது அக்டோபர் இரண்டாம் தேதி, மதியம் ஒரு மணிக்கு அவன் தன் லாரியில் வந்தான். நோரிஸ் தன் அண்ணன் வீட்டுக் கூரையைச் சரிசெய்யப் போயிருந்தார். டட்லி முகம் மழித்திருந்தான். சட்டை தேய்த்துப் போட்டிருந்தான். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. நான் பூட்டு எண்ணைச் சுற்றும்போது அவன் தானாகவே சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

கதவைத் திறந்தேன். ஈரத் துணி வாடை வந்தது. அதன் பிறகு அவன் கூடத்தில் படுக்கை விரிப்பைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, விரல் படாமல் எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தான். அப்பாவின் துப்பாக்கிக் குழலில் இரண்டு இடத்தில் மட்டும் செம்புள்ளிகள் வந்திருந்தன. மற்றவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. மணிகள் ரோஜா நிறமாகிவிட்டன, அடுப்பில் வைக்க வேண்டும் என்று அவன் சொன்னான். எங்கள் அடுப்பு பழைய கேஸ் அடுப்பு. மின்சாரம் இல்லாமலும் எரியும். டப்பாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். பெட்டகம் திறந்திருந்தது. ஏழு துப்பாக்கிகளும் அவன் பக்கத்தில் இருந்தன. அது எனக்குத் தெரியும்.

மணிகளைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தபோது துப்பாக்கிக் கட்டை மரத்தரையில் மோதும் சத்தம் கேட்டது. அடுத்து முன்வாசல் வலைக்கதவு இழுபடும் சத்தம். அதன் பிறகு லாரி கிளம்பியது.

இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மரக்கரண்டியால் மணிகளைப் பரப்பிக்கொண்டிருந்தேன். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், ஒவ்வொரு மணியும் தனித்தனியாக இருக்கும்படி பரப்பினேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். இனிமேல் ஆறு மணிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்ற நினைப்பு அப்போது எனக்கு வந்தது. அது என் தம்பியைப் பற்றிய நினைப்பு என்று தெரிந்துதான் வந்தது. அழுகை வரவில்லை. தட்டை அடுப்புக்குள் வைத்து மூடினேன்.

அதன் பிறகு கூடத்துக்கு வந்து பார்த்ததில் விரிப்பின்மேல் ஆறு துப்பாக்கிகள் இருந்தன. அப்பாவுடையதைக் காணவில்லை. ஆறையும் உள்ளே வைத்துப் பூட்டினேன். விரிப்பை மடித்து வைத்தேன். பிறகு காரை எடுத்துக்கொண்டு, இரண்டு மைல் தள்ளி அவன் படகு கட்டியிருக்கும் துறைக்குப் போனேன். வீட்டுக்குப் போயிருப்பான் என்று ஏன் நினைக்கவில்லை என்று கேட்கப்பட்டது. தெரியாது.

காரை நிறுத்தும்போது ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. நேரம் இரண்டே முக்கால் இருக்கும். நான் கை பிரேக் போட்டேன். மழை வருவதுபோல் இருந்ததால் கண்ணாடிகளை ஏற்றினேன். கதவைப் பூட்டிவிட்டு நடந்து போனேன். துறைப் பலகையில் ஆணி பெயர்ந்த இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துக் கால் வைத்தேன்.

டட்லி படகின் பின்தட்டில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி மடக்கித் திறந்து அவன் மடியில் கிடந்தது. தண்ணீரைப் பார்த்துச் சுட்டிருக்கிறான். காலித் தோட்டா உறை ஒன்று தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அவன் உடம்பில் காயம் ஒன்றும் இல்லை.

"சத்தம் கேட்டுச்சா?" என்றான்.

"கேட்டுது" என்றேன்.

"நீ ஓடி வரல."

"ஆமாண்டா. ஓடி வரல" என்றேன்.

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கோபப்படவில்லை. ஐஸ் பெட்டியில் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். நான் உட்கார்ந்தேன். எதிர்க்கரையில் யாரோ ஜெனரேட்டரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை. பிறகு அவன், "உனக்கும் முடியல போல" என்றான். துப்பாக்கியை எடுத்து என் மடியில் வைத்தான். சட்டைப் பையிலிருந்து இன்னும் மூன்று தோட்டாக்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக்கா. இந்தத் தடவ உன் வீட்டுக்கு வேணாம்" என்றான்.

பக்கத்துப் படகுக்காரர் மனைவி ஓடெட் வெர்டின் அவன் துப்பாக்கியோடு நடந்து போனதைப் பார்த்து ஷெரிஃப் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். துணை ஷெரிஃப் வந்தபோது நான் துப்பாக்கியைப் பலகைமேல் வைத்துத் தள்ளி நின்றேன். டட்லி யாரும் சொல்லாமலே கைகளைத் தூக்கினான். யாரையும் மிரட்டவில்லை. வண்டியில் ஏறும் முன் சட்டையை இழுத்து உள்ளே விட்டுக்கொண்டான். இப்போது ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் இருக்கிறான். காலையில் முட்டை சாப்பிட்டான் என்று நர்ஸ் சொன்னார்.

இன்று காலை நான் இங்கே வரக் கிளம்பும்போது நோரிஸ், "பூட்டைச் சுத்தும்போது அவன் எட்டிப் பாத்துட்டான்னு சொல்லிடு லோரீனா. உன்மேல எதுவும் வராது" என்றார். அவர் எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். ஆனால் டட்லி எட்டிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து நின்றான். பெட்டகத்தைத் திறந்தது நான். திறந்தபடி விட்டுப் போனதும் நான். பூட்டு எண்ணை இந்தத் தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மீதி ஆறு துப்பாக்கிகளையும் இன்றே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். துரு பிடித்தால் பிடிக்கட்டும்.

இதை என் தம்பி படிக்கக் கேட்டால் கொடுக்கலாமா என்று துணை ஷெரிஃப் கேட்டார். கொடுக்கலாம். நான் அடுப்படியில் நின்றதைச் சொன்ன பகுதியை விட்டுவிடாமல் கொடுக்க வேண்டும்.

எழுதியதை எனக்கு முழுதும் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) லோரீனா ஜிஸ்க்லேர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது: துணை ஷெரிஃப் ஆர். பிட்ரே, பகல் 11.40